பதினொரு மில்லிமீட்டர்

வாழைப்பழப் பெட்டிகள் எட்டு.
மூன்று வீடு மாறியும் பிரிக்கப்படாமல்
எங்களோடு வந்தவை.
உள்ளே மயூரதனின் இசைத்தட்டுகள்,
வெளியே என் கால் சுண்டுவிரல்.
இரவில் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம்
இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

மார்ச்சில் நகம் கறுத்தது.
நானே அடிக்கிறேன் ஓர் அலுமாரி, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
காது மடல் மட்டும் சிவந்தது.

பீல் நகரத்தில் தெருவுக்கே இரண்டு பெயர்.
பலகைக் கடைக்காரர் ஜெர்மனில் விலை சொல்லி
பிரெஞ்சில் வருத்தப்பட்டார்.
நான் தமிழில் எண்ணிக் கொடுத்தேன்:
பேர்ச் ஒட்டுப்பலகை, பதினெட்டு மில்லிமீட்டர் தடிப்பு.

எனக்கு வேலை கைக்கடிகாரத் தொழிற்சாலையில்.
உருப்பெருக்கிக்குக் கீழே பற்சக்கரம்.
மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
தட்டின் இடப்பக்கம், கழிவுக்கு.
இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா
ஒரு பெட்டி அடிக்க முடியாது?

உறை முப்பத்தொன்றரை,
விரல் நுழைய ஒன்றரை,
ஆக முப்பத்துமூன்று சென்டிமீட்டர்.
முந்நூற்றுப் பதினேழு தட்டுகள் சேர்ந்தால்
ஓர் ஆள் ஏறிப் படுத்த பாரம்.
பலகை முதுகு வளைக்கும்,
நடுவில் இரண்டு தடுப்பு.

நிலவறையில் வாள் பிடித்தேன்.
மத்தியானம் ஒரு மணிநேரம் சத்தம் கூடாது,
இரவு எட்டுக்குப் பிறகு கூடாது,
ஞாயிறு மூச்சே கூடாது.
மிஞ்சியது சனிக்கிழமைகள்.
அடுத்த அறையில் உடுப்பு காயும் என்பதை
நான் யோசிக்கவில்லை.
மூன்றாம் மாடி பெட்ரோக்கி
அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்:
யாரோ மரத்தூளைத் தொலைத்துவிட்டார்கள்.
என் கறுப்புக் காற்சட்டையில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாகக் கால்கள்.
ரசமட்டத்தைத் தலையில் வைத்து
குமிழி நடுவில் வந்து அடங்கும்வரை
வலப்பக்கக் கால்களைச் சீவினேன், சீவினேன்.
அடங்கியது.
குனிந்து முத்தமிடாத குறை.

லிஃப்டில் நுழையாது. படி வழியே
மயூரதன் முன்னால், நான் நடுவில்,
பின்னால் அதே காற்சட்டையோடு பெட்ரோக்கி.

சுவரோரம் வைத்துக் கை எடுத்ததும்
வலக் கதவு தானாகத் திறந்தது.
சாத்தினேன்.
மெல்ல, மரியாதையாக, மறுபடி.
இசைத்தட்டுக் கருவியைத் தலையில் ஏற்றினோம்.
ஊசி வெளிப்பக்கமாக வழுக்கி
பாடகி சொன்ன வரியையே சொல்லிக்கொண்டிருந்தாள்,
கடன்காரி போல.

ரசமட்டம் வைத்தேன். குமிழி மூலைக்கு ஓடியது.
தரையில் வைத்தேன். தரை நேர்.
பெட்ரோக்கிதான் சொன்னார், நெற்றியைத் துடைத்தபடி:
கீழே நடுவில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கிறதே,
தரை அதை நோக்கித்தானே சரியும்?

ஆக, பதினொரு மில்லிமீட்டர்.
ஒரு சாக்கடைக்குப் பொருத்தமாக
ஓர் அலுமாரி அடித்திருக்கிறேன்.

இடக்கால்களை அறுக்கலாம். ஆனால்
எட்டு அடித்துவிட்டது, விடிந்தால் ஞாயிறு.
மீந்த பலகை பதினெட்டு, தடிப்புக் கூட.
பெட்ரோக்கி போய் பியர் மட்டைகள் கொண்டுவந்தார்,
காலுக்கு ஏழு. போதவில்லை, ஒரு துளி.
மேசையில் வாடகை உயர்வுக் கடிதம்.
இரண்டு தாள்; நல்லது, கால்களும் இரண்டு.
எட்டாக மடித்துச் செருகினேன்.

கதவு சாத்தினால் சாத்தியபடி.
பாடகி அடுத்த வரிக்குப் போனாள்.
மயூரதன் பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினான்.
நான் சோபாவில் இருந்து
அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை, உருப்பெருக்கியின் கீழே
பிசகிய சக்கரம் ஒன்று வந்தது.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தேன்.
பிறகு
இடப்பக்கமே போட்டேன்.